1.5 லட்சம் கிலோமீட்டர், நாலு செட் ஸ்பார்க் பிளக்: என் பிக்கப் டிரக் கத்துக்குடுத்தது

பிளக் மாத்தினா பிக்கப் ஏறுமா, மைலேஜ் கூடுமான்னு கேக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், ஏறாது. பழைய பிளக் தேஞ்சு போய் எது போச்சோ அது திரும்ப வரும், அவ்ளோதான். வண்டி பேரும் பிக்கப், நாம கேக்கறதும் பிக்கப், அதனாலயோ என்னவோ விளம்பரம் பாத்து நிறைய பேர் ஏமாறறோம், நானும்தான்.

என்னோடது பெட்ரோல் வி8, அதாவது எட்டு சிலிண்டர், அலுமினியம் ஹெட் (பிளக் மாட்டற மேல் பகுதி), ஒவ்வொரு பிளக் மேலயும் ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் குடுக்கற காயில் தனித்தனியா. 90 ஆயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டியா கைக்கு வந்துச்சு, இப்ப 2.4 லட்சம். பாதி நாள் பின்னாடி டிரெய்லர் இழுக்கும், மீதி நாள் சும்மா அஞ்சு கிலோமீட்டர் போய்ட்டு வரும். இந்த ரெண்டு விதமான ஓட்டமும் பிளக் விஷயத்துல எப்படி விளையாடுச்சுன்னு கீழ வரும்.

வரும்போது இருந்தது கம்பெனியில போட்ட பிளாட்டினம். 1.1 லட்சம் வரைக்கும் தொடல, வண்டி நல்லாத்தானே ஓடுதுன்னு ஒரு தைரியம். அப்புறம் டிரெய்லரோட மேடு ஏறும்போது மட்டும் ஒரு வெட்டு வெட்ட ஆரம்பிச்சுச்சு, இன்ஜின் லைட் எரிஞ்சுது, கோடு பாத்தா பி0307, அதாவது ஏழாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், சரியா பத்தல. கழட்டி கேஜ் வெச்சா 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கேப், அதாவது ஸ்பார்க் தாவற ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி, 1.5 தொட்டிருந்துச்சு. கேப் பெருசானா அதைத் தாண்ட கூடுதல் வோல்டேஜ் வேணும், லோடு ஏறும்போது சிலிண்டர் உள்ள பிரஷர் கூடறதால இன்னும் கூடுதலா கேக்கும், காயில் முடிஞ்ச வரைக்கும் தள்ளிப் பாத்துட்டு ஒரு நாள் அதுவே போயிடும். பிளக்ல மிச்சம் பிடிச்சது காயில்ல போச்சு எனக்கு. அதுக்கப்புறம்தான் இதெல்லாம் உக்காந்து படிச்சேன்.

ரெண்டாவது செட் காப்பர். காப்பர்னு எல்லாரும் சொல்றோமே தவிர தீப்பொறி பாயற முனை காப்பர் இல்லைங்க, நிக்கல் கலவை. காப்பர் உள்ள இருக்கற கோர்தான், சூட்டை வெளிய கடத்தறதுக்கு, அது பிளாட்டினம் இரிடியம் பிளக்லயும் பெரும்பாலும் இருக்கும். "காப்பர்தான் நல்லா கரண்ட் கடத்தும், அதனால ஸ்பார்க் பலமா வரும்"னு சொல்ற ஆளுங்க பேச்சை இங்கயே விட்டுடலாம். போட்ட புதுசுல வண்டி சூப்பரா ஓடுச்சு, உண்மை, ஆனா தேஞ்சு போன பிளக்குக்கு பதிலா எந்த புதுசு போட்டாலும் அப்படித்தான் ஓடும். 35 ஆயிரத்துல கழட்டிப் பாத்தேன், கேப் 1.4, நடு முனையோட ஓரமெல்லாம் மழுங்கி உருண்டையா இருந்துச்சு. கூர்மையான ஓரத்துல இருந்துதான் ஸ்பார்க் சுலபமா தாவும், மழுங்கிட்டா அதுக்கும் சேத்து வோல்டேஜ் வேணும். ஆக காப்பர் கெட்டது இல்ல, 30-50 ஆயிரத்துக்கு ஒரு தடவை கழட்ட பொறுமை இருக்கணும். நாலு சிலிண்டர் இன்ஜின்ல கை சுலபமா போகும்னா தாராளமா போடலாம். என் வண்டியில ஏழாவது சிலிண்டர் கேபினை ஒட்டி பின்னாடி ஒளிஞ்சிருக்கு, யூனிவர்சல் ஜாயின்ட் போட்ட சாக்கெட், ரெண்டு எக்ஸ்டென்ஷன், முட்டியில ரத்தம், இவ்வளவும் வேணும். வருஷா வருஷம் எவன் பண்றது. ஹெமின்னு சொல்ற இன்ஜின்ல சில வி8 வெச்சிருக்கவங்களை நினைச்சா பாவமா இருக்கு, ஒரு சிலிண்டருக்கு ரெண்டுன்னு மொத்தம் 16 பிளக்.

மூணாவது செட்தான் நான் பண்ண முட்டாள்தனம். டிரெய்லர் இழுக்கறே, கூலான பிளக் போடு, ரெண்டு படி இறங்குன்னு ஒரு நண்பர் சொன்னார், எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. பிளக்கோட ஹீட் ரேஞ்ச் நம்பர் ஒரிஜினலா 5, நான் அதே என்ஜிகே பிராண்ட்ல 7 வாங்கி மாட்டினேன், அதுல நம்பர் ஏறினா கூல். ஹாட், கூல்னா ஸ்பார்க்கோட சூடு இல்லைங்க, பிளக் முனையில ஏறற சூட்டை எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்கு அனுப்புதுங்கறதுதான். முனை கிட்டத்தட்ட 450 டிகிரி தாண்டினாத்தான் மேல படியற கரி தானா எரிஞ்சு சுத்தமாகும், 800 டிகிரிக்கு மேல போனா ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே அந்த முனையே பெட்ரோலை பத்த வெச்சுடும், பிஸ்டனுக்கு ஆபத்து. நடுவுல நிக்கணும். என் வண்டி டிரெய்லரோட போன நாள் எல்லாம் பிரச்சினையே இல்ல, ஆனா அந்த அஞ்சு கிலோமீட்டர் ஓட்டத்துல முனை 450ஐ தொடவே இல்ல போல, காலையில ஸ்டார்ட் பண்ணா இருமற மாதிரி ஐட்லிங், பெட்ரோல் வாடை. 5 ஆயிரத்துல கழட்டினேன், எட்டும் அடுப்புக்கரி மாதிரி காஞ்ச கறுப்பு. டர்போ போட்டு, டியூன் பண்ணி இன்ஜினை மாத்தாதவரைக்கும் கம்பெனி சொன்ன ஹீட் ரேஞ்சை தொடாதீங்க, டிரெய்லர் இழுக்கறதையும் கணக்குல வெச்சுத்தான் பிக்கப் இன்ஜினுக்கு அந்த நம்பரை குடுத்திருப்பாங்க.

இதுல இன்னொரு கூத்து, நம்பர் ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒவ்வொரு பக்கம் போகும். என்ஜிகே, டென்சோல நம்பர் ஏறினா கூல். பாஷ், சாம்பியன்ல நம்பர் ஏறினா ஹாட். என்ஜிகே 5க்கு டென்சோல 16, 6க்கு 20. பிராண்ட் மாத்தறவங்க நம்பரை மனசுல கணக்கு போடாம அந்தந்த கம்பெனியோட பொருத்தப் பட்டியல்ல வண்டி மாடலைப் போட்டு பாருங்க. திரெட் (மரை) நீளமும் அதுலயே சரியா வந்துடும், அது தப்பினா ஹீட் ரேஞ்ச் தப்பினதை விட மோசம், நீளமான பிளக் பிஸ்டனையே போய் முத்தம் குடுக்கும்.

நாலு முள்ளு வெச்ச பிளக்கும் ஒரு தடவை கையில எடுத்துப் பாத்தேன், நாலு பக்கமும் ஸ்பார்க் வரும்னு நம்பிக்கிட்டு. ஒரு நேரத்துல ஒண்ணுலதான் தாவும். அந்த இன்ஜினுக்குன்னே கம்பெனி போட்டிருந்தா சரி, இல்லன்னா வேண்டாம்.

நாலாவது செட் இரிடியம், மேனுவல்ல போட்டிருந்த அதே பார்ட் நம்பர், 1.5 லட்சத்துல மாட்டினது இன்னைக்கு வரைக்கும் உள்ள இருக்கு. இரிடியம் உருக 2,446 டிகிரி வேணும், பிளாட்டினத்துக்கு 1,768, நிக்கலுக்கு 1,455. அதனாலதான் முனையை ஊசி மாதிரி மெலிசா செய்ய முடியுது, மெலிசா இருக்கறதால கம்மி வோல்டேஜ்லயே ஸ்பார்க் தாவுது, காயிலுக்கு நிம்மதி. 60 ஆயிரம் ஓடினப்ப ஒண்ணே ஒண்ணு கழட்டிப் பாத்தேன், கேப் 1.1ல இருந்து 1.15, முனையைச் சுத்தி இளம் பழுப்பு. திரும்ப மாட்டிட்டு மறந்துட்டேன். இதை வாங்கறப்ப முதல்ல வந்த டப்பா போலி, அதையும் சொல்லிடறேன். நல்ல பிளக்கை பக்கத்துல வெச்சுப் பாத்ததாலதான் தெரிஞ்சுது, நடு முனை தடியா, கோணலா ஒட்டியிருந்துச்சு, பீங்கான் மேல இருந்த எழுத்து விரல் பட்டா கலைஞ்சுது. பாதி விலைக்கு இரிடியம் யாரும் தர மாட்டாங்கன்னு தெரிஞ்சும் வாங்கினேன் பாருங்க. திருப்பி அனுப்பிட்டேன்.

பிளாட்டினம் வேணும்னு நினைக்கறவங்க, உங்க வண்டியில ஒரு காயில் ரெண்டு பிளக்குக்கு வேலை செய்யுதான்னு மட்டும் பாத்துக்கோங்க. அந்த மாதிரி இருந்தா பாதி பிளக்ல ஸ்பார்க் தலைகீழா தாவும், நடு முனைக்கு எதிர்ல இருக்கற வளைஞ்ச முனையும் தேயும், அதுக்கு ரெண்டு முனையிலயும் பிளாட்டினம் வெச்ச டபுள் பிளாட்டினம் வேணும். சிங்கிள் போட்டா பாதி செட் சீக்கிரம் போயிடும்.

மாட்டறதுல நான் சொதப்பினது தனிக்கதை. இன்ஜின் நல்லா ஆறினப்புறம்தான் கழட்டணும், சூட்டோட கழட்டினா அலுமினியம் திரெட்டும் கூடவே வந்துடும். குழியில இருக்கற மண்ணை காத்தடிச்சு ஊதிட்டு கழட்டுங்க, இல்லன்னா அவ்வளவும் சிலிண்டர் உள்ளதான். கேப் கரெக்டா வெச்சுத்தான் வருதுன்னாலும் ஒரு தடவை அளந்துடுங்க, ஆனா இரிடியத்துல காசு மாதிரி வட்டமா இருக்குமே அந்த கேஜை நடுவுல விட்டு நெம்பாதீங்க, முனை உடையும், கம்பி கேஜ்தான். ரெண்டாவது செட்ல ஒரு பிளக் கையிலிருந்து நழுவி தரையில விழுந்து கேப் மூடிக்கிச்சு, பாக்காம மாட்டி ஒரு சாயங்காலம் முழுக்க காயிலை சந்தேகப்பட்டேன்.

திரெட் பிடிக்கறதுக்கு ஒரு துண்டு ரப்பர் டியூபை பிளக் தலையில செருகி கையாலயே சுத்தறேன். கோணலா போனா டியூப் வழுக்கும், ஹெட் தப்பிச்சுது. அப்புறம் இறுக்கற பலத்தை அளந்து காட்டற டார்க் ரென்ச். 14 மில்லிமீட்டர் திரெட், வாஷர் உள்ள பிளக், அலுமினியம் ஹெட்னா பொதுவா 25-30 நியூட்டன் மீட்டர், உங்க மேனுவல் வேற சொன்னா அதுதான். ரென்ச் இல்லன்னா கையால இறுகினப்புறம் அரை சுத்துல இருந்து முக்காலுக்கு கொஞ்சம் கம்மி வரைக்கும். வாஷர் இல்லாத கூம்பு சீட்டுக்கு அது ரொம்ப ஜாஸ்தி, பதினாறுல ஒரு பங்கு சுத்து போதும். திரெட் ஒட்டிக்காம இருக்க ஆன்டி சீஸ் பசை தடவற பழக்கம் எனக்கும் இருந்துச்சு, இப்ப இல்ல, திரெட்ல முலாம் பூசித்தான் வருது, மேல வழவழப்பா தடவினா ரென்ச் அதே நம்பரை காட்டினாலும் உள்ள நிஜத்துல அதிகமா இறுகிடும். காயில் பூட் (பிளக் தலையை மூடற ரப்பர் உறை) உள்ள மட்டும் கொஞ்சம் டைஎலெக்ட்ரிக் கிரீஸ், அதாவது கரண்ட் கடத்தாத கிரீஸ்.

இந்த செட்டை 2.5 லட்சத்துல கழட்டலாம்னு இருக்கேன், அப்ப 1 லட்சம் ஓடியிருக்கும். அதே பார்ட் நம்பர் எட்டு வாங்கி டப்பாவோட வெச்சாச்சு, ஏழாவது சிலிண்டரோட பூட் ரப்பர் கல்லு மாதிரி ஆயிட்டதால கூடவே அதுக்கும் ஒண்ணு.