கோட்டுப் பைக்குள் அடங்கும் நுரையீரல் ஸ்கேன்

போனில் செருகிப் பார்க்கும் இந்தச் சின்ன அல்ட்ராசவுண்ட் கருவி என்னிடம் வந்து மூன்று வருடமாகிறது. காய்ச்சல், இருமலோடு மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்காகவே வாங்கினேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பாட்டி வந்தார். எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை. முதுகின் அடிப்பக்கம், விலா இடுக்கில் ஜெல் தடவி வைத்தேன். மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டிய நுரையீரல் உறை அங்கங்கே பிசிறடித்துத் தடித்திருந்தது. அதிலிருந்து டார்ச் வெளிச்சம் போலத் திரையின் அடிவரை பி-கோடுகள், அதாவது நுரையீரலில் நீரோ அழற்சியோ இருந்தால் தெரியும் வெள்ளைக் கோடுகள். "மூச்ச நல்லா இழுங்க பாட்டி" என்றதும் அவையும் உறையோடு சேர்ந்து நகர்ந்தன. நிமோனியா என்று புரிந்தது; உடனே அட்மிட் செய்தோம். இதயக் கோளாறால் நீர் கோத்தாலும் பி-கோடு வரும். ஆனால் அதில் உறை பெரும்பாலும் வழவழவென்றே இருக்கும். இதற்குக் கண் பழக வேண்டும்.

குறை? நெஞ்சிலும் முதுகிலும் பார்க்க வேண்டிய 12 இடங்களையும் நிதானமாகப் பார்த்தால் கருவி சூடேறி நின்றுவிடுகிறது. உறையைத் தொடாமல் ஆழத்தில் இருக்கும் நிமோனியா எந்த அல்ட்ராசவுண்டிலும் தெரியாது.

அப்புறம், கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி இந்தியாவில் கையடக்கக் கருவிக்கும் பதிவு கட்டாயம். கருவிக்குக் காசு கட்டுவதற்கு முன்பே அந்தப் பதிவு வேலையைத் தொடங்கிவிடுங்கள்.