திருச்சியிலிருந்து மெல்போர்ன்: கொழும்பு வழியா, சிங்கப்பூர் வழியா?

மெல்போர்னில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அம்மாவை அழைத்துப்போக வேண்டியிருந்தது. சென்னை வரை போய் விமானம் ஏற அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்காது. திருச்சியிலேயே ஏறலாம் என்று நான் அலசியவை இரண்டு: கொழும்பில் மாறும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ், சிங்கப்பூரில் மாறும் ஸ்கூட். கடைசியில் ஸ்ரீலங்கனில்தான் போனோம்.

இரண்டுக்கும் பின்னால் அரசு இருக்கிறது. ஸ்ரீலங்கன் இலங்கையின் அரசு நிறுவனம். ஸ்கூட்டின் தாய் நிறுவனமான சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கிடம் இருக்கிறது. 1979இல் ஏர் லங்கா என்ற பெயரில் ஸ்ரீலங்கன் பிறந்தபோது கைகொடுத்ததே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்தான்.

விமான நிலையம் என்றால் சிங்கப்பூரின் சாங்கிக்குக் கொழும்பின் கட்டுநாயக்க ஈடில்லை. அதில் பேச்சுக்கே இடமில்லை.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது பெட்டி. பேரனுக்கு வீட்டு மாவில் இட்லி ஊற்றித் தர வேண்டும் என்று அம்மா புது டேபிள்டாப் கிரைண்டர் வாங்கி வைத்திருந்தார். அட்டைப்பெட்டியோடு தராசில் வைத்தால் 12 கிலோ. சேலைகள், பித்தளை விளக்கு, மருந்து எல்லாம் சேர்த்து 28. ஸ்கூட்டில் முதலில் காட்டும் கட்டணம் மனத்தை இழுக்கும். அது ஆளுக்கும் கைப்பைக்கும் மட்டும். 30 கிலோ பெட்டி, இரண்டு வேளைச் சாப்பாடு, அம்மாவுக்கு நடைபாதையோர இருக்கை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்ததும் அந்த மலிவு கரைந்துபோனது. ஸ்ரீலங்கனில் நாங்கள் எடுத்த டிக்கெட்டில் 30 கிலோவும் சாப்பாடும் அடக்கம். கைப்பையோடு மட்டும் போகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிட்டு ஸ்கூட்டையே எடுக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. மயிலிறகு வேலைப்பாட்டுச் சேலையில் வாசலில் நின்ற பணிப்பெண் “வணக்கம் அம்மா” என்றதும் அம்மாவின் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து இறுகியே இருந்த தோள் அது.

ஸ்ரீலங்கன் அரசு நிறுவனம் என்பதால் எனக்குப் பயமும் இருந்தது. துபாயின் எமிரேட்ஸ் விமான நிறுவனம் அதை நிர்வகித்த காலத்தில், 2007 டிசம்பரில், லண்டனிலிருந்து திரும்பிய இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்சவின் பரிவாரத்துக்காகப் பயணிகளை இறக்கிவிட நிறுவனம் மறுத்தது. தலைமை அதிகாரி பீட்டர் ஹில்லின் பணி அனுமதி பறிபோனது. 2008இல் எமிரேட்ஸின் நிர்வாகம் முடிந்தது. 2010இல் எமிரேட்ஸிடம் இருந்த ஸ்ரீலங்கன் பங்குகளை இலங்கை அரசே வாங்கிக்கொண்டது. கடன் சுமை இன்றும் தீரவில்லை. விற்றுவிடும் முயற்சியையும் 2024இல் வந்த புதிய அரசு கைவிட்டது. ஆனால் 2022இல் கொழும்பில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு அதே விமானங்கள் தொலைதூரம் பறந்தன. நாடே முடங்கிக் கிடந்த நேரத்தில் வெளியுலகக் கதவைத் திறந்து வைத்திருந்த நிறுவனம் என்ற மதிப்பு எனக்கு அதன்மேல் உண்டு.

ஸ்கூட்டில் நான் சிங்கப்பூர் வரை ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், குறையில்லை. அங்கிருந்து மெல்போர்ன் செல்லும் ஏழரை மணி நேரம் எப்படியிருக்கும் என்பதைப் போய்வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து மெல்போர்ன் பத்து மணி நேரத்துக்கு மேல். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது நீளம்தான். அம்மாவை இரண்டு முறை எழுப்பி நடக்க வைத்தேன்.

அம்மா திரும்பி வருவதற்கும் ஸ்ரீலங்கனிலேயே எடுத்திருக்கிறேன். விமான நிறுவனம் முடங்கினால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற பிரிவு பயணக் காப்பீட்டில் இருப்பதைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கட்டினேன்.