182,000 ரூபா போன கதை: சஃபாரி டூருக்கு முற்பணம் கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று வாசியுங்கள்

இன்று காலை அந்த டூர்காரரின் நம்பர் என்னை பிளாக் பண்ணிவிட்டது. புரொஃபைல் படம் போய் வெறும் தலை மட்டும் தெரிகிறது, அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 182,000 ரூபா. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்கள், அதிலும் வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்து நிற்கிற வீட்டுக்காரர் கட்டாயம் வாசியுங்கள். பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் ஒவ்வொன்றாக விவரமாக எழுதுகிறேன்.

ஆள் யார் என்று பெயர் போடவில்லை. சட்டத்தரணியாக இருக்கிற கூட்டாளி ஒருவன் இப்போதைக்குப் போடாதே என்றான். முகநூலில் பக்கம் வைத்து, கடலும் யானையும் மயிலும் படம் படமாகப் போட்டு, கிழக்கிலிருந்து வான் வாகனத்தில் நான்கு நாள் டூர் கொண்டுபோகிற ஒரு இடம், அவ்வளவுதான்.

கனடாவிலிருந்து சின்னம்மாவும் சித்தப்பாவும் பதினொரு வருடத்துக்குப் பிறகு வந்திருந்தார்கள். சித்தப்பாவுக்கு யானை பார்க்க வேண்டும், சின்னம்மாவுக்குக் கடல், அம்மாவுக்கு உகந்தை முருகன். நான், மனைவி, மச்சானும் அவர் மனைவியும் என்று மொத்தம் ஏழு பேர். எல்லாருக்கும் தோதாக ஒரு பயணம் தேடும்போதுதான் இந்தப் பக்கம் கண்ணில் பட்டது. கல்லடியில் ஏற்றி, கரையோரமாகவே போய் அறுகம்குடாவில் ஒரு இரவு, அடுத்த நாள் விடிய குமண பூங்கா, பிறகு லாகுகல யானைக் குளம், கதிர்காமம், மூன்றாம் நாள் யால, புந்தல பூங்காக்கள், நாலாம் நாள் திரும்பும் வழியில் கல்லோயாவில் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் படகு. யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போவதைப் படகில் இருந்து பார்க்கலாம் என்று வீடியோவும் போட்டிருந்தார்கள். கைட், வான், சாப்பாடு, அறை, ஜீப், பூங்கா டிக்கெட் எல்லாம் சேர்த்து ஏழு பேருக்கும் 260,000.

சாதாரணமாக ஒரு மின்விசிறி வாங்குவதற்கே மூன்று கடை ஏறி விலை கேட்கிற ஆள் நான். எப்படி விழுந்தேன் என்று நானே யோசித்துப் பார்த்தேன். அந்த ஆள் வீட்டுக்கு வந்தார். அதுதான். ஒன்லைனில் ஏமாற்றுகிறவன் முகத்தைக் காட்டமாட்டான் என்று எனக்குள் ஒரு நினைப்பு. இவர் பின்னேரம் ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து, செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, விறாந்தையில் இருந்து பிளேன்டீ குடித்தார். கலரில் அச்சடித்த பயணத்திட்டத்தை அம்மாவின் கையில்தான் கொடுத்தார், என்னிடம் இல்லை. அதில் இரண்டாம் நாளுக்கு நேரே 'உகந்தை முருகன் ஆலய தரிசனம், அரை மணித்தியாலம்' என்று போட்டிருந்தது. அம்மா முழங்கால் நல்லாக இருந்த காலத்தில் ஒருமுறை அந்த வழியால் காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை நடந்தவர். அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். டூர்காரர் உடனே பேனையை எடுத்து 'அரை' என்பதை வெட்டிவிட்டு 'ஒரு' என்று எழுதினார். "அம்மாவுக்கு அரை மணித்தியாலம் காணாது, நான் டிரைவருக்குச் சொல்லி வைக்கிறன்" என்றார். அம்மா என்னைப் பார்த்து, "நல்ல பிள்ளை மனே, காசக் குடுத்து விடு" என்றார்.

அந்த ஒரு பேனைக் கீறலுக்குத்தான் 182,000 ரூபா கொடுத்தேன்.

மொத்தத்தில் எழுபது வீதம் முற்பணம், சீசன் என்றபடியால் அறைக்கும் ஜீப்புக்கும் முதலே கட்ட வேண்டும் என்றார். வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டேன். கேட்காமல் இல்லை. "அது வைஃப்ட எக்கவுண்ட் அண்ணன், கம்பனி எக்கவுண்ட்ல ஒரு பிரச்சினை, அடுத்த மாதம் சரியாயிரும்" என்றார். சரி என்று விட்டேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு வாட்சப்பில் கைகூப்புகிற படத்தோடு 'கிடைத்தது அண்ணன்' என்று ஒரு வரி வந்தது. கைட்டின் அனுமதி அட்டை என்று ஒரு படம் அனுப்பினார், இலக்கம் இருக்கிற மூலையில் பெருவிரல் மறைத்திருந்தது. அதையும் இப்போதுதான் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 4ஆம் திகதி விடிய ஐந்து மணிக்கு வான் வர வேண்டும். ஏழு நாற்பதுக்கு வந்தது. படத்தில் காட்டிய வெள்ளை வான் இல்லை, பின் சீற்றின் உறை கிழிந்த ஒரு பழைய வான், ஏசி சத்தம் போடும், காற்று வராது. வெளியே கச்சான் காற்று அனலாக அடிக்கிற நாட்கள் வேறு. கைட் எங்கே என்று கேட்டால் ஓட்டி வந்த பெடியன் தன்னையே காட்டினான். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும், மொனராகலைப் பக்கம், கொஞ்சம் தமிழ் தெரியும், நல்ல பிள்ளை, ஆனால் அவனுக்குக் கல்முனைக்கு அங்கால் இந்தப் பாதையே தெரியாது. காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று நான் தான் முன் சீற்றில் இருந்து ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனேன். கோமாரி தாண்டி வருகிற அந்த வெட்டவெளியைச் சின்னம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், அது மட்டும் நல்லாக இருந்தது.

அறுகம்குடாவில் 'கடல் பார்க்கிற அறை' என்றது ரோட்டுக்கு மறுபக்கம், இரண்டு கட்டடங்களுக்குப் பின்னால். மொட்டை மாடியில் ஏறி நின்றால் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தால் ஒரு கோடு கடல் தெரியும். சித்தப்பா சிரித்துவிட்டு விட்டார். முதல் நாள்தானே என்று நானும் விட்டேன்.

குமணவுக்கு விடிய நாலரைக்கு ஜீப் வரும் என்று டூர்காரர் சொன்னார். ஏழு பேரும் தேநீரும் குடித்து வாசலில் நிற்கிறோம். ஐந்து, ஐந்தரை, ஆறு. ஃபோன் எடுத்தால் "வந்துகொண்டிருக்கு அண்ணன்". ஆறே முக்காலுக்குப் பக்கத்து ஹோட்டல்காரர்தான் பாவம் பார்த்துத் தனக்குத் தெரிந்த ஜீப்காரரைக் கூப்பிட்டார். எங்கள் பெயரில் எந்த ஜீப்பும் சொல்லி வைக்கப்படவே இல்லை. அந்த ஜீப் வந்து, பாணமை தாண்டி கிரவல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி உகந்தையில் இருக்கிற பூங்கா வாசலுக்குப் போகும்போது ஒன்பதரை தாண்டிவிட்டது. வாசலில் டிக்கெட்டும் என் கையால்தான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு ஒரு கட்டணம், எங்களுக்கு வேறு கட்டணம், எங்களுடையது அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஆள் தந்த கணக்கில் ஏழு பேருக்கும் ஒரே தொகை போட்டிருந்தது, அதுவும் பெரிய தொகை.

நான் டிக்கெட் சண்டையில் நிற்க, அம்மா தனியாகக் கோயிலுக்குப் போய் வந்தார். ஒரு மணித்தியாலம் எல்லாம் இல்லை, பதினைந்து நிமிடம்.

உள்ளே வெயில் ஏறிவிட்டது. பறவைக் கூடு ஆயிரக்கணக்கில் பார்க்கலாம் என்று முகநூல் பக்கத்தில் போட்டிருந்த படம் குமண வில்லு என்ற சதுப்பு நிலத்துடையதுதான், பொய் இல்லை, ஆனால் அங்கே கூடு கட்டுகிற காலம் ஏப்ரலில் இருந்து யூலை வரைதான் என்று ஜீப்காரர் சொன்னார். செப்டம்பரில் தண்ணீர் வற்றி, சேறு காய்ந்து, மஞ்சள் மூக்கு நாரைகள் அங்கொன்றும் இங்கொன்றும். ஒரு முதலை வாயைத் திறந்தபடி கிடந்தது, மச்சானின் மனைவி அதைத்தான் நூறு படம் எடுத்தார்.

லாகுகல 'சஃபாரி' என்றது ரோட்டோரம் வானை நிறுத்துவது. பொத்துவில்–சியம்பலாண்டுவ ரோட்டில் போகிற யாரும் குளத்தில் புல் தின்கிற யானைக் கூட்டத்தைக் காசு இல்லாமல் பார்க்கலாம், நாங்களும் அப்படித்தான் பார்த்தோம், பத்துப் பதினைந்து யானை, இரண்டு குட்டி. 182,000 ரூபாவுக்குக் கண் நிறையப் பார்த்தது அந்த ஒரு காட்சிதான்.

அதற்குப் பிறகு புத்தல–கதிர்காமம் ரோடு. அந்தப் பாதை தெரிந்தவர்களுக்குத் தெரியும், பின்னேரத்தில் யானை நடு ரோட்டுக்கு வந்து வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்கும். கொடுக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தாலும் கொடுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். இருட்டுப்படுகிற நேரம், முன்னால் ஒரு கொம்பன். முன்னால் நின்ற லொறிக்காரர் வாழைப்பழச் சீப்பை எறிந்துவிட்டு ஓரத்தால் போய்விட்டார், அடுத்தது நாங்கள். எங்கள் கைட் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்கிறான்: "அண்ணா, இப்ப என்ன செய்யிறது?"

எனக்கு என்ன தெரியும்? நான் கந்தோரில் கோப்புப் பார்க்கிறவன். அம்மா பின்னால் கந்தசஷ்டி கவசம் சொல்கிறார், சித்தப்பா ரிவர்ஸ் எடு ரிவர்ஸ் எடு என்கிறார். யானை தும்பிக்கையால் பக்கக் கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, என்ன நினைத்ததோ, பின்னால் வந்த பஸ்ஸுக்குப் போய்விட்டது.

திசமகாராமவில் அறைக்குப் போனால், பெயர் எழுதி வைத்திருக்கிறது, பணம் கட்டவில்லை. இரவு ஒன்பது மணி, வயதானவர்கள் மூன்று பேர், என்ன செய்வது, 21,000 நான் கட்டினேன். அங்கே நின்றவரிடம் நாளைக்கு யாலவுக்கு ஜீப் எத்தனை மணிக்கு என்று கேட்டபோது மனிதர் சிரித்துவிட்டார். யால பூங்காவில் நாங்கள் போக வேண்டிய முதலாம் பிளாக் மூடியாகிவிட்டது. வறட்சிக் காலம் என்பதால் வழமையாகச் செப்டம்பர் தொடக்கத்தில் இருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை மூடுவார்களாம், இந்தத் தொழிலில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். டூர்காரருக்கு எடுத்தேன். "நேற்றுத்தான் மூடியிருக்கிறாங்க அண்ணன், எங்களுக்கே இப்பதான் தெரியும், நீங்க புந்தலவுக்குப் போங்க, அது இன்னும் நல்லம்."

காலையில் அந்தப் பெடியன் தயங்கித் தயங்கி வந்து தன் ஃபோனைக் காட்டினான். மூன்று நாளுக்கு வான் கூலியும் இல்லை, டீசலுக்கு அனுப்புகிறேன் என்ற காசும் இல்லை. அவன் அனுப்பிய பதினாறு மெசேஜுக்கு ஒரு பதில். அதுவும் கைகூப்புகிற படம். வான் அவனுடைய மாமாவுடையது, மாமா திரும்பி வரச் சொல்லிவிட்டார். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பைகளை எல்லாம் இறக்கி வைத்து, அம்மாவின் காலைத் தொட்டுவிட்டுப் போனான். நாங்கள் 48,000 கொடுத்து வேறு வான் பிடித்து வீட்டுக்கு வந்தோம். புந்தல இல்லை, கல்லோயா இல்லை, நீந்துகிற யானை இல்லை. ஜீப், டிக்கெட், அறை, வான் என்று மேலதிகமாகக் கொடுத்ததை நான் 182,000த்தோடு கூட்டவே இல்லை, கூட்டினால் நித்திரை வராது.

அடுத்த இரண்டு கிழமை நடந்தது இது. திங்கள்: "மேலிடத்துக்கு ரிப்போர்ட் போட்டிருக்கு." மேலிடம் யார்? பதில் இல்லை. புதன்: ரீஃபண்ட் 14 வேலை நாள் எடுக்கும். வெள்ளி: எக்கவுண்டன்ட் லீவு. பிறகு ஒரு வொய்ஸ் நோட், இரண்டு நிமிடம், முழுக்க வாகனக்காரனில் பழி, நடுவில் "உங்கட அம்மா என்ட அம்மா மாதிரி" என்று வேறு. அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் கை நடுங்கியது. அவர் தந்த முகவரிக்குப் போனேன், ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல் மாடி, பூட்டு. கடைக்காரர் சொன்னார், "இதுக்கு முதலும் ரெண்டு மூணு பேர் வந்து கேட்டவங்க." அவர்களின் முகநூல் பக்கத்தில் நடந்ததை எழுதிக் கருத்துப் போட்டேன், பத்து நிமிடத்தில் அது இல்லை. இன்று காலை பிளாக்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை, "முருகனப் பாத்தன்தானே மனே" என்கிறார். அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கந்தோருக்கு நேரமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். தனி ஆளின் கணக்குக்குப் பணம் போடாதீர்கள், வைஃப், தம்பி, மச்சான் என்று என்ன சொன்னாலும். கைட் என்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி அட்டையை நேரில் வாங்கி இலக்கத்தைப் பாருங்கள். அறைக்கும் ஜீப்புக்கும் நீங்களே ஒரு ஃபோன் எடுத்துக் கேளுங்கள், பூங்கா அந்த மாதம் திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சுற்றுலா சபைக்கு 1912, நுகர்வோர் அதிகார சபைக்கு 1977.

நாளை பொலிசில் முறைப்பாடு போடப் போகிறேன். அந்தப் பெண் பெயர்க் கணக்குக்கு வேறு யாராவது டூருக்கென்று பணம் போட்டிருந்தால் இன்பொக்ஸ் வாருங்கள், வங்கிச் சீட்டையும் எடுத்து வாருங்கள், சேர்ந்து போவோம்.