பெப்டைடு ஊசியா, எடைப்பயிற்சியா: முதுமையில் வலிமைக்கு எது துணை?

வளர்ச்சி ஹார்மோனை நேரடியாக ஊசியில் ஏற்றிக்கொள்வதா, உடல் தானே அதைச் சுரக்கும்படி தூண்டும் பெப்டைடுகளை (அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலிகளை) போட்டுக்கொள்வதா, இரண்டையும் விட்டுவிட்டு எடைப்பயிற்சியிலேயே நிற்பதா என்று ஒப்பிட்டுப் பார்த்தபின் நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தச் சாய்வு இந்த அலசல் முழுவதிலும் தெரியும். ஊசிகளை நான் போட்டுக்கொண்டதில்லை. அவற்றைப் பற்றிச் சொல்பவை ஆய்வுகளைப் படித்து அறிந்தவை. பயிற்சியைப் பற்றிச் சொல்பவற்றில் மட்டுமே என் சொந்த அனுபவமும் சேர்ந்திருக்கிறது.

நேரடி ஹார்மோனைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1990-இல் டேனியல் ரட்மன் குழுவினர் அறுபது வயதைக் கடந்த 12 ஆண்களுக்கு ஆறு மாதம் அதைக் கொடுத்தபோது கொழுப்பற்ற உடல் எடை 8.8 சதவீதம் கூடியது, கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது. அந்த எண்களைக் காட்டியே இளமை வாக்குறுதிகள் பெருகின. பின்வந்த ஆய்வுகளில் வீக்கம், மூட்டுவலி, மணிக்கட்டு நரம்பு அழுத்தம், இரத்தச் சர்க்கரை உயர்வு ஆகியவை திரும்பத் திரும்பத் தென்பட்டன. முதுமையைத் தடுக்க என்று இதை வழங்குவதை அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

பெப்டைடுகள் இதைவிட நயமான வழி என்பதை மறுக்க மாட்டேன். செர்மோரெலின் என்பது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அனுப்பும் தூண்டு ஹார்மோனின் 44 அமினோ அமிலங்களில் முதல் 29 மட்டும் கொண்டது. இபமோரெலின், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனுக்கான ஏற்பி வழியாகச் செயல்படுகிறது. இரண்டும் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத்தான் தூண்டுகின்றன என்பதால், சுரப்பு மிகும்போது அதைத் தடுக்கும் சோமடோஸ்டாடின் என்ற ஹார்மோன் தன் வேலையைச் செய்ய இடமிருக்கிறது. நேரடி ஊசியில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் நாட்கணக்கில் நீடிக்கும்படி மாற்றப்பட்ட சிஜேசி-1295 என்ற பெப்டைடில், விட்டுவிட்டு வரும் சுரப்புத் துடிப்புகளுக்கு இடையே தாழ வேண்டிய ஹார்மோன் அளவும் உயர்ந்தே நிற்கிறது. இயற்கைச் சுரப்பு என்ற பெயர் அதற்கு முழுமையாகப் பொருந்தாது. அமெரிக்காவில் செர்மோரெலின் ஒப்புதல் பெற்றது வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக. இதே வகைப் பெப்டைடான டெசமோரெலின் 2010-இல் ஒப்புதல் பெற்றது எச்.ஐ.வி. உள்ளவர்களின் வயிற்றுக் கொழுப்புக்காக. ஆரோக்கியமான முதுமைக்கென்று எதற்கும் ஒப்புதல் இல்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: கூடுகிற தசை வலிமையாகிறதா? முதுமையில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதும், படியேறுவதும், தடுக்கினால் விழாமல் நிலைகொள்வதும் தசையின் எடையைவிட அதன் வலிமையையே நம்பியிருக்கின்றன. 1996-இல் எழுபது வயதைக் கடந்த 52 ஆண்களிடம் நடந்த ஆறு மாத ஆய்வில், ஹார்மோன் பெற்றவர்களின் கொழுப்பற்ற எடை 4.3 சதவீதம் கூடியும் வலிமை கூடவில்லை. உள்சுரப்பைத் தூண்டினால் நிலைமை மாறுமோ என்று பார்த்தால், இபுடமோரென் மாத்திரையைக் கொண்டு 65 முதியவர்களிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தி 2008-இல் வெளியான ஆய்விலும் அதே கதைதான். அது பெப்டைடு அல்ல, எனினும் இபமோரெலின் தொடும் அதே ஏற்பியைத் தொடுவது. கொழுப்பற்ற எடை ஏறியது, வலிமை ஏறவில்லை, வெறும்வயிற்றுச் சர்க்கரை சற்று ஏறியது. கொழுப்பற்ற எடை என்ற கணக்கில் உடல் தேக்கிக்கொண்ட நீரும் அடங்கும் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை, அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இரண்டையும் சேர்த்தால் என்ன என்ற கேள்விக்கும் விடை உண்டு. ஏற்கெனவே எடைப்பயிற்சி செய்துவந்த முதிய ஆண்களுக்கு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்த 1994-ஆம் ஆண்டு ஆய்வில், மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களைவிட அவர்கள் கூடுதல் வலிமை பெறவில்லை. மறுபுறம், மரியா ஃபியாடரோன் குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், தொண்ணூறு வயதையொட்டிய தளர்ந்த முதியவர்கள் எட்டு வாரம் கடுமையான கால் பயிற்சி செய்ததில் அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தசையின் பரப்பு கூடியதோ ஏறத்தாழ 9 சதவீதம்தான். இருக்கிற தசையை முழுமையாக இயக்க நரம்புகள் பழகிக்கொண்டதே மீதி வலிமைக்குப் பெரும் காரணம். ஹார்மோனால் அந்தப் பழக்கத்தைக் கொடுக்க முடியாது. என் அளவிலும் முதலில் மாறியது உருவம் அல்ல, எழுவதிலும் சுமப்பதிலும் வந்த எளிமைதான்.

தொடர்ந்து பேணுவதில் பயிற்சிக்குத் தனிச் சலுகை ஏதுமில்லை. ஃபியாடரோன் ஆய்வின் அதே முதியவர்கள் நான்கு வாரம் பயிற்சியை நிறுத்தியதும் உச்ச வலிமையில் 32 சதவீதத்தை இழந்தார்கள். டெசமோரெலினை நிறுத்தியவர்களுக்கும் வயிற்றுக் கொழுப்பு திரும்பியது. ஆயுள் முழுவதும் விடாமல் தொடர வேண்டிய ஒன்று எது என்று வரும்போது, சர்க்கரை அளவைக் கூட்டக்கூடிய ஊசியைவிட அதைக் குறைக்க உதவும் பயிற்சியையே நான் ஏற்கிறேன்.

பிட்யூட்டரிக் கட்டியாலோ அறுவை சிகிச்சையாலோ ஹார்மோன் குறைபாடு ஏற்பட்டு, அது பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அவர்களுக்கு ஹார்மோன் ஊசி முறையான சிகிச்சை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவருபவர்கள், வளர்ச்சியைத் தூண்டும் எந்த ஊசியையும் தம் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.