வீட்டு சர்வருக்கு ட்ரூநாஸா, ஓப்பன்மீடியாவால்ட்டா? வெள்ளத்துக்குப் பின் நான் மாறிய காரணம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. தப்பித்தோம் என்று கடலூரில் நாங்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தபோது சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை மீறியது. குண்டு உப்பலவாடிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி மூட்டை, மிக்ஸி, பீரோவின் கீழ்த்தட்டுத் துணிகள் என்று ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். மேசைக்கு அடியில் பலகைமேல் வைத்திருந்த சர்வர் பெட்டி என் நினைவுக்கு வந்தபோது அதில் பாதி மூழ்கியிருந்தது.

அந்தப் பெட்டியில் தலா 4 டெராபைட் கொண்ட மூன்று வன்தட்டுகள். இயங்குதளம் ட்ரூநாஸ்; வீட்டுக் கோப்புகளை ஒரே இடத்தில் சேமித்து எல்லாக் கணினிகளுக்கும் பகிர்வதற்கானது. மூன்றும் சேர்ந்து ரெய்டு-இசட்1 என்ற ஒரே தொகுப்பு. அதாவது மூன்றில் ஒன்று செத்தாலும் தரவு பிழைக்கும். கீழே இருந்த வட்டு நனைந்துபோனது, மதர்போர்டும் போனது. மேல் இரண்டு வட்டுகள் தப்பின. கணக்குப்படி எல்லாம் பத்திரம். உண்மையிலும் பத்திரமாகத்தான் இருந்தது. ஒரு கோப்பைக்கூட நான் இழக்கவில்லை. ஆனால் வெள்ளத்தில் மூழ்கிய ஸ்கூட்டரின் காப்பீட்டு ஆவணத்தை அந்த வட்டுகளிலிருந்து வெளியே எடுக்க எனக்கு ஐந்து நாட்கள் ஆயின. இந்த ஒப்பீடு அந்த ஐந்து நாட்களிலிருந்து பிறந்தது.

எனவே நான் நடுநிலையாளன் அல்லன். இப்போது என்னிடம் ஓடுவது அதே வேலைக்கான இன்னோர் இயங்குதளமான ஓப்பன்மீடியாவால்ட். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் மைத்துனன் இன்னும் ட்ரூநாஸ் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்போடு இந்த வாக்குவாதமும் பரிமாறப்படும்.

இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தாம். 2005இல் ஒலிவியே கோஷார்-லாபே தொடங்கிய ஃப்ரீநாஸ், ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின்மேல் எழுந்தது. பின்னர் ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போய், 2020இல் ட்ரூநாஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஃப்ரீநாஸில் உழைத்த ஃபோல்கர் தைலே தனியே பிரிந்து டெபியன் லினக்ஸின்மேல் கட்டியது ஓப்பன்மீடியாவால்ட். இதில் ஒரு வேடிக்கை: ட்ரூநாஸும் பிறகு டெபியனுக்கே மாறிவிட்டது. பங்காளிகள் பிரிந்துபோய் அதே தெருவில் வீடு கட்டிக்கொண்ட கதை.

இரண்டும் இலவசம். இரண்டையும் உலாவி வழியாகவே நிர்வகிக்கலாம். விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புப் பகிர்வது, பயனருக்கு உரிமை கொடுப்பது, ஜெல்லிஃபின் என்ற படம் காட்டும் மென்பொருளைப் போட்டு டிவியில் படம் பார்ப்பது எல்லாம் இரண்டிலும் நடக்கும். கூடத்து டிவியில் மாமியார் பழைய கல்யாண வீடியோ பார்க்கும்போது பின்னால் ஓடுவது எந்த இயங்குதளம் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ட்ரூநாஸ் குறைந்தது 8 ஜிபி நினைவகம் கேட்கும். ஓப்பன்மீடியாவால்ட் 1 ஜிபியிலேயே கிளம்பிவிடும். பழைய அலுவலகக் கணினிகளில் 8 ஜிபி சாதாரணமாகக் கிடைக்கிறது என்பதால் இதைப் பெரிய வித்தியாசமாக நான் நினைக்கவில்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டி செத்தபின் வட்டு யாரோடு பேசும்?

ட்ரூநாஸின் அடித்தளம் இசட்எஃப்எஸ், அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒரு முறை. ரெய்டு-இசட்டில் ஒரு புகைப்படத்தின் துண்டுகள் பல வட்டுகளில் பிரிந்து கிடக்கும். ஒரு வட்டை மட்டும் கையில் எடுத்துப் போனால் அதிலிருந்து எதையும் படிக்க முடியாது. என் விஷயத்தில் இரண்டு வட்டுகளையும் ஒரே நேரத்தில் ஒரே கணினியில் மாட்ட வேண்டும். அந்தக் கணினிக்கு இசட்எஃப்எஸ் தெரிந்திருக்கவும் வேண்டும். வீட்டில் மிஞ்சியது ஒரு மடிக்கணினி. தண்ணீர் வடிந்து சாலை திறந்தபின் வட்டுகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு லாஸ்பேட்டை போனேன். மைத்துனனின் பழைய மேசைக்கணினியில் உபுண்டு லினக்ஸ் இருந்தது. மாட்டினோம். தொகுப்பு கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் திறக்க மறுத்தது.

தவறு என்னுடையதுதான். சில மாதங்களுக்கு முன் ட்ரூநாஸைப் புதுப்பித்தபோது, தொகுப்பையும் மேம்படுத்தலாம் என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று படிக்காமல் சரி என்று அழுத்திவிட்டேன். அப்படி மேம்படுத்திய தொகுப்பைப் பழைய இசட்எஃப்எஸ் பதிப்பு ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். உபுண்டுவில் இருந்தது பழைய பதிப்பு. கடைசியில் ட்ரூநாஸையே இன்னொரு பென்டிரைவில் நிறுவி, அதிலிருந்து தொகுப்பைத் திறந்தோம். அதற்கான கோப்பைப் பதிவிறக்க இணையம் வேண்டும். புயல் அடித்த வாரத்தில் புதுச்சேரியில் இணையம் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மாமா, மிரர் போட்டிருந்தால் ஒரே வட்டு போதுமே" என்றான் மைத்துனன். சரிதான். கண்ணாடிப் பிரதி முறையில் ஒவ்வொரு வட்டிலும் முழுத் தரவும் இருக்கும். ஆனால் அப்போதும் இசட்எஃப்எஸ் தெரிந்த கணினி தேவை, பொருந்தும் பதிப்பு தேவை, கட்டளைகள் தெரிந்த ஆளும் தேவை. ஊரில் நான் இல்லாத நாளில் என் மனைவியோ மகளோ இதைச் செய்ய முடியுமா என்பதுதான் என் கேள்வி.

ஓப்பன்மீடியாவால்ட்டில் இப்போது நான் வைத்திருக்கும் அமைப்பு வேறு. ஒவ்வொரு வட்டும் தனித்தனி ஈஎக்ஸ்டி4, அதாவது லினக்ஸ் வழக்கமாகக் கோப்புகளை அடுக்கும் முறை. ஓஎம்வி-எக்ஸ்ட்ராஸ் என்ற கூடுதல் நீட்சிகளின் தொகுப்பு வழியாக மெர்ஜர்எஃப்எஸ் என்ற நீட்சியைச் சேர்த்தால், இரண்டு வட்டுகளும் ஒரே கோப்புறைபோலத் தெரியும். ஆனால் ஒரு புகைப்படம் ஏதாவது ஒரு வட்டில் முழுதாக இருக்கும். மூன்றாவது வட்டு ஸ்னாப்ரெய்டு என்ற கருவிக்கு. தினமும் இரவு 2 மணிக்கு அது மற்ற இரண்டு வட்டுகளின் சமநிலைக் கணக்கை எழுதிவைக்கும். இரண்டில் ஒன்று செத்தால் அந்தக் கணக்கிலிருந்து மீட்கலாம். இதற்கு ஒதுக்கும் வட்டு, தரவு வட்டுகளில் பெரியதற்காவது ஈடான அளவில் இருக்க வேண்டும்.

நாளை மறுபடியும் தண்ணீர் வந்தால் இரண்டு தரவு வட்டுகளில் ஏதேனும் ஒன்றை உருவி, யுஎஸ்பி உறையில் போட்டு, எந்த லினக்ஸ் கணினியில் செருகினாலும் அதில் இருக்கும் கோப்புகள் அப்படியே தெரியும். விண்டோஸ் ஈஎக்ஸ்டி4 வட்டைத் தானாகப் படிக்காது என்பது உண்மை. அதற்காக ஒரு பென்டிரைவில் உபுண்டுவைத் தயாராக வைத்து, பீரோ சாவியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். மகள் ஒருமுறை செய்து பார்த்தாள். பத்து நிமிடம் ஆகவில்லை.

இந்த ஆசை புதிதும் அல்ல. மைக்ரோசாஃப்ட் 2007இல் விண்டோஸ் ஹோம் சர்வர் என்று ஒன்றை வெளியிட்டது. பல வட்டுகளை ஒன்றாகக் காட்டினாலும், ஒவ்வொரு வட்டையும் சாதாரண விண்டோஸ் கணினியில் தனியே படிக்கலாம் என்பது அதன் அழகு. தொடக்கத்தில் சில கோப்புகளைச் சிதைக்கும் பிழை அதில் இருந்தது. 2008இல் அதைச் சரிசெய்தார்கள். பிறகு 2011 பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். நல்லதைத் தூக்கி எறிய அப்படி என்ன அவசரமோ!

ட்ரூநாஸுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். மின்சாரம் திடீரென்று போனால் இசட்எஃப்எஸ் அசையாது. பழைய தரவின்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பிறகே பழைய இடத்தை விட்டுப் புதிய இடத்தைக் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், வட்டில் சத்தமில்லாமல் ஒரு புகைப்படம் கெட்டால்கூடக் கண்டுபிடித்துத் திருத்தும். ஈஎக்ஸ்டி4க்கு அந்தத் திறன் இல்லை. ஸ்னாப்ரெய்டு சோதனை ஓட்டும்போதுதான் கண்டுபிடிக்கும், திருத்த நாமே தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். அதோடு, இன்று மாலை நான் ஏற்றிய கோப்புக்கு இரவு 2 மணி வரை ஸ்னாப்ரெய்டின் பாதுகாப்பு கிடையாது. தினமும் மாறும் கணக்குக் கோப்புகளும் தரவுத்தளங்களும் வைத்திருப்பவர்கள் என் வழியில் வர வேண்டாம். ஒருமுறை ஏற்றினால் அப்படியே கிடக்கும் புகைப்படத்துக்கும் படத்துக்கும்தான் இது பொருந்தும்.

மின்வெட்டைப் பற்றி ஒரு சொல். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதில் யுபிஎஸ் நிலை என்று ஒரு பொத்தான் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் மாறும் அந்தக் கண நேரத்தில் கணினி அணைந்து எழும். பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் சர்வரிடம் சொல்லவும் செய்யாது. யுஎஸ்பி கம்பியோடு வரும் சிறிய யுபிஎஸ் வாங்கினால், நட் என்ற மென்பொருள் அதைக் கேட்டுச் சர்வரைத் தானே ஒழுங்காக அணைத்துவிடும். இரண்டு இயங்குதளங்களிலும் இது உண்டு. மலிவான யுபிஎஸ் பலவற்றில் அந்த யுஎஸ்பி துளையே இருக்காது, பார்த்து வாங்குங்கள்.

மின்கட்டணத்திலும் சிறிய லாபம். என் பெட்டி சராசரி 30 வாட் என்று வைத்தால், இரண்டு மாதக் கணக்கில் 43 யூனிட். படம் பார்க்கும்போது அந்தப் படம் இருக்கும் வட்டு மட்டும் சுழலும், மற்றவை தூங்கும். ரெய்டு-இசட்டில் எல்லா வட்டுகளும் சேர்ந்து சுழல வேண்டும்.

இதே வகையில் மூன்றாவது இயங்குதளமான அன்ரெய்டை 30 நாள் இலவசச் சோதனையில் மட்டும் பார்த்தேன். என் தேவைக்கு அதுவும் அருமையாகப் பொருந்துகிறது: ஒவ்வொரு வட்டும் தனியே படிக்கக்கூடியது, சமநிலைக் கணக்கும் உடனுக்குடன். ஆனால் உரிமத்துக்குக் காசு கேட்கிறது. ஒழுங்காக அணையாமல் மின்சாரம் போனால், அடுத்து எழும்போது எல்லா வட்டுகளையும் மணிக்கணக்கில் சரிபார்க்கத் தொடங்கிவிடுகிறது. நல்ல யுபிஎஸ் இருப்பவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரு மாதப் பழக்கத்தில் இதற்குமேல் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் சினாலஜி சேமிப்புப் பெட்டியை நான் சொந்தமாக வைத்திருந்ததே இல்லை.

எதைப் போட்டாலும் மூன்று வட்டுகளும் ஒரே பெட்டியில் இருந்தால் அது காப்புப் பிரதி ஆகாது. மாதம் ஒருமுறை ஒரு யுஎஸ்பி வட்டைச் செருகுவேன். ஓப்பன்மீடியாவால்ட் தானே முக்கியக் கோப்புகளை அதில் நகலெடுத்துவிடும். அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டுப் புதுச்சேரி பஸ் ஏறுவேன். மைத்துனன் தன் வட்டை என்னிடம் கொடுத்தனுப்புவான். இரண்டு ஊருக்கும் ஒரே புயல்தான் வரும் என்பதால் மூன்றாவது நகல் ஒன்று திருச்சியில் அண்ணன் வீட்டில் இருக்கிறது.

வட்டோடு, அதைத் திறக்கும் வழியையும் ஒரு தாளில் எழுதி உறையில் வைப்பது எங்கள் ஒப்பந்தம். என் தாளில் மூன்று வரிகள். அவனுடையதில் பன்னிரண்டு, ஏழாவது வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறான்: "தொகுப்பை மேம்படுத்தவா என்று கேட்டால், மாமா, தயவுசெய்து வேண்டாம் என்று அழுத்தவும்."