இமைப்பா, எழுத்துப் பலகையா: பேச முடியாதவரின் முடிவை அறியும் வழிகள்

மூளைத்தண்டில் பக்கவாதம் தாக்கிக் கைகாலும் நாவும் செயலிழந்த பின்னும் சிலருக்கு அறிவு தெளிவாக இருக்கும்; கண்ணை மேலும் கீழும் அசைக்கவும் இமைக்கவும் மட்டுமே முடியும். 1966இல் பிளம், போஸ்னர் என்ற நரம்பியல் மருத்துவர்கள் 'லாக்டு-இன்' என்று பெயரிட்ட நிலை இது. இத்தகையவரிடம் கழுத்தில் துளையிட்டுச் சுவாசக் குழாய் பொருத்தச் சம்மதம் கேட்கும்போது, முடிவெடுக்கும் திறன் அவருக்கு உண்டா என்பதை மருத்துவர் அறிந்தாக வேண்டும். நினைவு, கவனம் போன்றவற்றைச் சோதிக்கும் 30 மதிப்பெண் கொண்ட வழக்கமான தேர்வு இங்கே உதவாது. அதன் பெரும்பகுதி வாய்மொழி விடையையே கேட்கிறது.

முடிவெடுக்கும் திறன் பற்றிய இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் நான்கைப் பார்க்கச் சொல்கிறது: தகவலைப் புரிந்துகொள்ளுதல், மனத்தில் இருத்துதல், சீர்தூக்குதல், முடிவைத் தெரிவித்தல். தெரிவிப்பது எந்த வழியிலும் இருக்கலாம்.

'ஒருமுறை இமைத்தால் ஆம், இருமுறை இமைத்தால் இல்லை' என்ற ஏற்பாட்டுக்குக் கருவி எதுவும் வேண்டாம். முதல் நாளே தொடங்கலாம். ஆனால் விடை தெரிந்த ஐந்து கேள்விகளுக்குத் தற்செயலாகவே சரியாக இமைத்துவிட 32இல் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால், பத்துக்குக் குறையாமல் கேட்பதும், அதே கேள்வியைத் திருப்பிப்போட்டு வேறொரு வேளையில் கேட்பதும் நல்லது. இதைவிடப் பெரிய குறை, கேட்பவர் நினைத்ததற்கு மட்டுமே விடை வரும் என்பது. சீர்தூக்கினாரா என்பதற்கு அவருடைய காரணம் தெரிய வேண்டும். இமைப்பில் காரணம் வராது.

எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி, வேண்டியது வரும்போது இமைக்கச் சொல்லும் எழுத்துப் பலகையில் காரணம் வரும், மெதுவாக. தமிழில் 247 எழுத்துகளையும் ஒரே பலகையில் பரப்பினால் நோயாளி களைத்துவிடுவார். வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்று முதலில் கேட்டால் ஆறு மெய்கள் மட்டுமே மிஞ்சும். அதன்பின் உயிரையோ புள்ளியையோ தேர்ந்தால் போதும். (பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம் மருத்துவமனையில் பயன்படும் இடம் இது.) 'வேண்டாம்' என்று சொல்லவே நான்கு எழுத்துகளைத் தேட வேண்டும், 'வேண்டாம், ஏனெனில்' என்று தொடரச் சில நேரம் அரைமணி ஆகலாம். உயிர்காக்கும் சிகிச்சையை ஏற்பதோ மறுப்பதோ என்றால் அந்த அரைமணியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் எண்ணம். படுக்கையைத் திருப்பவா என்பதற்கு இமைப்பே போதும்.

பக்கவாதத்தால் மொழித்திறனே குலைந்தவருக்கு இவ்விரண்டும் ஏமாற்றும்: 'இல்லை' என்று நினைத்து 'ஆம்' என்று காட்டுவோர் உண்டு, எழுத்தும் பிடிபடாமல் போகலாம். அவரிடம் படங்களைக் காட்டி, சிகிச்சை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன என்று சுட்டச் சொல்வதே ஓரளவு நம்பத்தக்கது.