புகைச் சோதனை நிலையம்: வேலை சுத்தம், நிழல்தான் இல்லை

ஏ9 வீதியில், வவுனியாவுக்குக் கிட்ட இருக்கிற ஒரு புகைச் சோதனை நிலையம், பெயர் வேண்டாம். வருசா வருசம் இந்தப் புகைச் சான்றிதழும் இன்சூரன்சும் இருந்தால்தான் காருக்கு லைசன்ஸ் புதுப்பிக்கலாம், அதனால் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

பெடியன்கள் வேலை தெரிந்தவர்கள். பெட்ரோல் கார் என்றால் சைலன்சருக்குள் குழாயை விட்டு, அக்சிலேட்டரை மிதிக்காமல் ஐட்லிங்கில் ஒரு தரம், 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பிடித்து ஒரு தரம், காபன் மொனொக்சைட்டும் எரியாமல் வெளியே வருகிற எரிபொருளும் எவ்வளவு என்று அளக்கிறார்கள். டீசலுக்கு அக்சிலேட்டரை ஒரேயடியாக மிதித்துக் கரும்புகையின் அடர்த்தியைப் பார்க்கிற முறை, அந்த நேரம் பழைய டொல்பின் வான்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும்! யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், துளி பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் கார் ஓட்டிய ஊர் இது. 2008இல் நாட்டில் இந்தச் சோதனை தொடங்கியபோது இங்கே யுத்தம், புகையை யார் பார்த்தது?

குறை என்றால், காத்திருக்க ஒரு கொட்டில்கூட இல்லை, வன்னி வெயில் தெரியும்தானே. அதைவிட, பெயிலான வண்டிக்குத் தாளில் எண்களை அடித்துக் கொடுக்கிறார்களே தவிர ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. காபன் மொனொக்சைட் கூடினால் பெரும்பாலும் பெட்ரோல் கலவை அதிகம், எயார் பில்டர் அடைத்திருக்கலாம். மற்றது, அதாவது எரியாத எரிபொருள் (தாளில் ஹைட்ரோகாபன்) கூடினால் முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறின பிறகு கொண்டுபோவதும் முக்கியம், குளிர்ந்த என்ஜினில், புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கிற கற்றலிற்றிக் கொன்வேட்டர் ஒழுங்காக வேலை செய்யாது. கிளிநொச்சிப் பக்கமிருந்து ஓடி வருகிறவர்களுக்கு அது பிரச்சினையில்லை, டவுனுக்குள் இருப்பவர்கள் ஒரு பெரிய சுற்றுச் சுற்றிவிட்டுப் போங்கள்.

சரி, எனக்கு உறுத்துவது நிலையம் இல்லை, சட்டம். பஸ், லொறிக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள், சொந்தக் காருக்குப் புகையோடு முடிந்தது. பிரேக், ரயர், ஸ்டியரிங் எதையும் யாரும் தொடுவதில்லை. மாங்குளத்துப் பக்கம் இரவில் நடு வீதியில் மாடு படுத்திருக்கும், அப்போது தேவைப்படுவது பிரேக்தான்.

நிலையத்துக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். ஆனால் கார் விற்கிற யாராவது இந்தத் தாளைக் காட்டி “எல்லாம் பாஸ் அண்ணை” என்றால், நம்பிக்கையான கராஜ் ஒன்றில் காரைத் தூக்கிக் கீழேயும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.